ஊருக்கு சிப்காட் வருகிறது: தொழிற்பேட்டைக்கான சூழல் அனுமதி எப்படி நடக்கிறது?

போன மாதம் பெரியப்பா போன் செய்தார். திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். "தம்பி, பேப்பர்ல விளம்பரம் போட்டிருக்காங்க. நம்ம பக்கம் தொழிற்பேட்டை வருதாம், கருத்துக் கேட்புக் கூட்டமாம். எப்படியும் கார் கம்பெனிதானே வரும், அதுல போய் நாம என்ன பேசறது, வேணும்னா அப்புறம் வர்ற கூட்டத்துல பேசிக்கலாமே?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு தப்புக் கணக்குகள் இருந்தன. பேட்டை என்றால் கார் கம்பெனி என்பது ஒன்று. இந்தக் கூட்டத்தை விட்டால் இன்னொரு கூட்டம் வரும், அதில் பேசிக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. இரண்டையும் அவருக்கு விளக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

சென்னைக்காரர்களுக்கு 'எஸ்டேட்' என்றால் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வராது. அம்பத்தூர் எஸ்டேட் பஸ் நிலையமும் கிண்டி எஸ்டேட் சந்துகளும்தான் வரும். கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் வந்தது, அம்பத்தூர் 1960-களில். அப்போது பக்கத்து ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லும் சட்டமே இல்லை. 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்தது. அதற்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1994-ல் முதல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது. அதிலும் ஆரம்பத்தில் தனித்தனித் திட்டங்கள்தான் இருந்தன. புதிய தொழிற்பேட்டைகளைப் பட்டியலில் ஏற்றியது 2004-ல். இப்போது நாடு முழுக்க நடைமுறையில் இருப்பது 14 செப்டம்பர் 2006 தேதியிட்ட அறிவிக்கை. அதன்பின் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டன, எலும்புக்கூடு அதேதான்.

அப்படியானால் தாக்க மதிப்பீடு என்றால் என்ன? வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும் முன்பே பக்கத்து வீட்டுச் சுவர் தாங்குமா என்று பார்த்துக்கொள்வது. தோண்டிய பிறகு பார்த்தால் அதற்குப் பெயர் பஞ்சாயத்து. அறிவிக்கையில் 'முன் அனுமதி' என்ற சொல்லுக்கு அத்தனை அழுத்தம் இருப்பது இதனால்தான். அனுமதி கைக்கு வரும்வரை நிலத்தைக் காக்க வேலி போடலாம். கட்டுமானத்தை ஆரம்பிக்கக் கூடாது. முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி வாங்கிக்கொள்ளலாமா என்பதில் நீதிமன்றங்களே முன்னும் பின்னும் போயிருக்கின்றன. 2020-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. 2025 மே மாதம் இன்னும் கடுமையாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் அந்த மே மாதத் தீர்ப்பைப் பெரும்பான்மை முடிவாகத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எனக்கு இதில் சட்டப் புலமை இல்லை. ஆனால் எழுந்து நிற்கும் கட்டடத்தைக் காட்டி 'இதன் தாக்கம் என்ன' என்று கேட்பது மதிப்பீடு ஆகாது என்பதற்குப் புலமை தேவையில்லை.

தில்லியா, சைதாப்பேட்டையா?

அறிவிக்கையின் பட்டியலில் 7(சி) என்ற இனம்தான் நமக்கு வேண்டியது. தொழிற்பேட்டைகள், ஏற்றுமதி மண்டலங்கள், சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், உயிரித் தொழில்நுட்பப் பூங்காக்கள், தோல் தொழில் வளாகங்கள் எல்லாம் அதில் அடங்கும். ஒரு பேட்டை எந்த மேசைக்குப் போகும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: பரப்பளவு, உள்ளே என்ன ஆலை வரும் என்பது.

பட்டியலில் உள்ள தொழில்கள் 'ஏ' என்றும் 'பி' என்றும் பிரிந்திருக்கின்றன. தாக்கம் அதிகமானவை ஏ. எண்ணெய்ச் சுத்திகரிப்பு எந்த அளவாக இருந்தாலும் ஏ. பேட்டைக்குள் இப்படி ஒரே ஓர் ஏ பிரிவு ஆலைக்கு இடம் இருந்தாலும், பரப்பு எவ்வளவு சிறியதானாலும், பேட்டை முழுவதும் ஏ ஆகிவிடும். குடத்துப் பாலுக்கு ஒரு துளி விஷம் என்ற கணக்கு. 500 ஹெக்டேருக்கு மேல் போய், உள்ளே ஒரு பி ஆலையாவது இருந்தால் அதுவும் ஏ. 500 ஹெக்டேருக்குள் இருந்து பி ஆலை இருந்தால் பேட்டையும் பி. 500-ஐத் தாண்டியும் பட்டியலில் உள்ள ஆலை எதுவும் இல்லை என்றால், அதுவும் பி. 500-க்குக் கீழே, பட்டியல் ஆலையும் இல்லை என்றால் இந்த இனத்தின் கீழ் அனுமதியே தேவையில்லை. பெரிய கட்டடங்களுக்கான விதி தனியாகப் பொருந்தலாம்.

ஹெக்டேர் நம் வாயில் வருவதில்லை. 500 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 1,235 ஏக்கர். விளம்பரத்தில் 1,200 ஏக்கர் என்று பார்த்தால் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன். 'முதல் கட்டம்' என்ற சொல்லும் சேர்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம்.

ஏ என்றால் தில்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், அதன் நிபுணர் குழு. பி என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். தமிழ்நாட்டுக்கு அது சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கிறது. ஆனால் பி பேட்டையும் சில இடங்களில் தில்லிக்குப் போக வேண்டியிருக்கும். சரணாலயம், கடுமையாக மாசடைந்த பகுதி, சூழல் கூர்உணர்வு மண்டலம், மாநில எல்லை, இவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வந்தால் அது ஏ போலவே நடத்தப்படும். மாநில எல்லை விஷயத்தில் மட்டும் இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்டால் தளர்வு உண்டு. 2014-க்கு முன் இந்தத் தூரம் 10 கிலோமீட்டராக இருந்தது. வரைபடத்தை எடுத்துச் சென்னையின் வடக்கைப் பாருங்கள். பழவேற்காட்டில் பறவைகள் சரணாலயம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆந்திர எல்லை. மணலியோ, 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 88 தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது 76.32 வாங்கியது. படிப்பில் வாங்கினால் பெருமைப்படலாம். இங்கே 70-ஐத் தாண்டினாலே 'கடுமையாக மாசடைந்தது' என்று அர்த்தம். ஆக, வட சென்னையை ஒட்டி ஒரு பேட்டைக்கு இடம் பார்ப்பவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த மூன்றில் ஒன்று கிட்டத்திலேயே இருக்கும்.

ஒரே ஒரு முறை கேட்கப்படும் கேள்வி

பெரியப்பாவிடம் நான் அதிக நேரம் பேசியது இந்த இடத்தைப் பற்றித்தான்.

தனி ஆலை என்றால் அது தன் அனுமதிக்குத் தானே போகும், தானே கூட்டம் நடத்த வேண்டும். பேட்டை அப்படியல்ல. தமிழக அரசின் சிப்காட் போன்ற ஒரு நிறுவனம் நிலத்தைச் சேர்த்து, சாலை, தண்ணீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் போட்டு, மனை மனையாகப் பிரித்துக் கொடுக்கிறது. மதிப்பீடு நடக்கும் நாளில் அந்த மனைகளில் ஆலை எதுவும் இருக்காது. 'இன்னின்ன வகை ஆலைகள் வரலாம்' என்ற உத்தேசப் பட்டியல்தான் இருக்கும். இன்னும் வராத ஆலையின் இன்னும் வராத புகையைக் கணக்கிட்டு எழுதுவதுதான் பேட்டைக்கான அறிக்கை.

இப்போது விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். சூழல் அனுமதி பெற்ற பேட்டைக்குள் பின்னால் வரும் ஆலை, அந்த அனுமதியில் தடுக்கப்படாத வகையைச் சேர்ந்தது என்றால், தனியாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த வேண்டியதில்லை. ஆலைக்கு அனுமதி வேண்டும்; ஆய்வு உண்டு; கூட்டம் மட்டும் கிடையாது. இன்னும் ஒரு படி மேலே போகும் சலுகையும் இருக்கிறது. பேட்டை முழுக்க ஒரே வகைத் தொழில், உதாரணமாகத் தோல் பதனிடும் ஆலைகள் மட்டும் என்றிருந்தால், அல்லது என்னென்ன நடவடிக்கைகள் என்று முன்பே வரையறுத்த பேட்டை என்றால், உள்ளே வரும் ஆலைகள் தனி அனுமதியே வாங்க வேண்டாம். பேட்டைக்கான நிபந்தனைகளை மீறாமல் இருந்தால் போதும். அதற்குப் பதிலாக, பேட்டையின் ஆயுள் முழுக்கச் சட்டப்படி பொறுப்பேற்க ஒரு நிர்வாகம் தெளிவாக இருந்தாக வேண்டும் என்கிறது விதி. (2006-க்கு முன்பே இருந்த பழைய பேட்டைகளுக்கு இந்தச் சலுகைகள் எந்த அளவு என்பது சுற்றறிக்கைகளிலும் வழக்குகளிலும் பலமுறை உரசிப் பார்க்கப்பட்ட விஷயம். அதற்குள் போனால் இந்தக் கட்டுரை முடியாது.)

இந்த ஏற்பாட்டில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நூறு ஆலைகளுக்கு நூறு கூட்டம் போட்டால் மூன்றாவது கூட்டத்திலேயே ஆள் வராது. ஒவ்வோர் ஆலையும் தன் புகை கொஞ்சம்தான் என்று சொல்லும். நூறு கொஞ்சங்களைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்க ஒரே வாய்ப்பு பேட்டை அறிக்கைதான். பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவது நடக்கிற காரியமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்ற யோசனை இப்படிப்பட்ட சிக்கலுக்குத்தான்.

ஆனால் விலையும் இருக்கிறது. பத்து வருடம் கழித்து நம் வேலியோரம் வரும் ரசாயன ஆலைக்கு நாம் சொல்ல வேண்டிய ஆட்சேபத்தை, அந்த ஆலையின் பெயர்கூடத் தெரியாத இன்றைக்கே சொல்லியாக வேண்டும். அதனால் அறிக்கையில் நான் முதலில் புரட்டச் சொல்வது அனுமதிக்கப்படும் தொழில்களின் பட்டியலைத்தான். கார் பாகங்கள் பொருத்தும் தொழிற்சாலை 2006 பட்டியலில் தனி இனமாகவே இல்லை. செயற்கை உரம், பூச்சிமருந்து, சாயப்பொருள் போன்றவை பட்டியலில் இருக்கின்றன. உங்கள் ஊர் அறிக்கையில் 'பொறியியல், வாகன உதிரிபாகம்' என்று ஆரம்பித்து வால் பகுதியில் 'ரசாயனம்' என்று ஒரு சொல் உட்கார்ந்திருந்தால், கூட்டத்தில் பேச வேண்டியது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அறிக்கை தயாராகும் விதம்

நான்கு கட்டங்கள். முதலில் எந்தப் பிரிவு என்று பிரித்துப் பார்ப்பார்கள். அடுத்து எதையெல்லாம் ஆராய வேண்டும் என்று நிபுணர் குழு ஆய்வு வரம்பு கொடுக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் அதை 'டி.ஓ.ஆர்.' என்றே சொல்வார்கள். அதன்படி வரைவு அறிக்கை தயாராகி, அதன் மீது பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்கும். கடைசியாக நிபுணர் குழுவின் பரிசீலனை. முழு அறிக்கை போய்ச் சேர்ந்தபின் பரிசீலனைக்கு 60 நாள், முடிவுக்கு 45 நாள், மொத்தம் 105 நாள் என்பது அறிவிக்கை போட்ட கெடு.

அறிக்கையை எழுதுவது அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம். அதற்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டு வருபவர். பெண் வீட்டாரே ஜோசியருக்குத் தட்சணை கொடுத்து ஜாதகம் பொருந்துகிறதா என்று கேட்பது போலத்தான். பொய்த் தகவலோ மறைப்போ தெரியவந்தால் அனுமதியை ரத்து செய்ய விதி இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க யாராவது படிக்க வேண்டுமே.

சென்னைக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காற்று, நீர், மண், சத்தம் எல்லாவற்றையும் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு அளப்பார்கள். வழக்கமான ஆய்வு வரம்பில் இந்த அளவெடுப்பு 'மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவம்' என்று இருக்கும். காற்றில் தூசு அளக்க அது சரி. மழை பெய்தால் தூசு அடங்கிவிடும். ஆனால் சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். நம் ஊர் மண்ணின் குணமே தெரிவது அந்த மூன்று மாதத்தில்தான். மார்ச்சிலிருந்து மே வரை அளந்தவருக்கு ஏரி ஒரு பொட்டல். ஓடை ஒரு மண்பாதை. மழைநீர் வடிகால் பற்றித் தனி அத்தியாயம் இருக்கும்தான். அதில் கோடு போட்டவர் ஐப்பசியில் வந்து பார்த்தாரா என்பதுதான் என் கேள்வி.

இது சும்மா சொல்லும் பயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்கு வரும். அந்த நீர்ப்பிடிப்பு வட்டாரத்தில்தான் 1990-களிலிருந்து பேட்டை மேல் பேட்டையாக எழுந்தது. 2015 டிசம்பர் 1-ல் தொடங்கிய ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் பெய்தது. வெள்ளத்துக்குப் பேட்டைகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தவிக்கும். தார்ச்சாலையாகவும் கான்கிரீட் தரையாகவும் மாறிய ஒவ்வோர் ஏக்கரும் மழைநீரை முன்னைவிட வேகமாகக் கீழே தள்ளுகிறது என்பது மட்டும் எளிய கணக்கு. வடக்கில் இன்னொரு பாடம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் கருப்பாக்கியது. ஆலை வளாகத்துக்குள் வெள்ளம் புகுந்தால் உள்ளே இருப்பது எங்கே போகும் என்பது மழையில்லாத காலத்து அளவெடுப்பில் தெரியவே தெரியாது.

கூட்டத்துக்குப் போகும் முன்

கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தலைமை மாவட்ட ஆட்சியர், அல்லது கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி. திட்ட இடத்திலோ மிக அருகிலோதான் நடத்த வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். குறைந்தது 30 நாள் அவகாசம். 2020-ல் வந்த வரைவு அறிவிக்கை அதை 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. அந்த வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்ததும், எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். வரைவு கடைசிவரை சட்டமாகவில்லை. 30 நாள் 30 நாளாகவே இருக்கிறது.

அந்த 30 நாளும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், வாரிய அலுவலகம் ஆகியவற்றில் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழில் சுருக்கம் கட்டாயம். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தைப் பற்றி என் அனுபவம்: ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கு அது ஓரளவு புரியும்.

கூட்டம் ஆரம்பிக்க இத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. நாலு பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. ஓட்டெடுப்பும் கிடையாது, ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் அதனால் மட்டும் திட்டம் நிற்காது. பலர் இதைக் கேட்டதும் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் ஒன்று: முழுக்க வீடியோ எடுக்க வேண்டும், பேசியதன் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் தமிழில் வாசிக்க வேண்டும், எழுப்பிய ஒவ்வொரு சூழல் பிரச்சினைக்கும் இறுதி அறிக்கையில் பதில் சேர்க்க வேண்டும். நிபுணர் குழு பார்ப்பது அந்தப் பதிலைத்தான். 'சிப்காட் வேண்டாம்' என்ற கோஷத்துக்குப் பதில் எழுதுவது சுலபம். 'இந்த ஓடையின் குறுக்கே மனை எண் போட்டிருக்கிறீர்கள், தண்ணீர் எங்கே போகும்' என்பதற்குப் பதில் எழுத வரைபடத்தைத் திருப்பி எடுக்க வேண்டியிருக்கும். நேரில் பேசத் தயங்குபவர்கள் எழுதியும் கொடுக்கலாம்.

சூழல் அனுமதி கிடைத்துவிட்டாலே ஆலை ஓடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இல்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வாரியத்தின் இசைவாணை தனி. ஆலையை ஓட்ட அதுவும் வேண்டும். அனுமதி பெற்றவர் நிபந்தனைகளைக் கடைப்பிடித்த விவரத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கையாகத் தர வேண்டும். அது பொது ஆவணம், மத்திய அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் திட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம். அனுமதியையே எதிர்க்க வேண்டும் என்றால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அதன் தென்மண்டல அமர்வு நம் சேப்பாக்கம் கலஸ் மகாலில்தான் இருக்கிறது. 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். தொண்ணூறு தாண்டினால் கதவு மூடியாயிற்று.

இவ்வளவையும் கேட்டுவிட்டு பெரியப்பா, "சரி, நான் அந்தப் புக்கைப் போய் பார்க்கறேன்" என்று வைத்துவிட்டார். நான்கு நாள் கழித்து மறுபடி போன். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். கார் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, ஏரி இருக்குன்னு போட்டிருக்கான். எத்தனை ஏக்கர்னுகூடப் போட்டிருக்கான். கலங்கல் வழிஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்னு போடலையே. அந்த ஓடை மேலதான் அறுபதடி ரோடு வரைஞ்சிருக்கு."

அதையே கேளுங்கள் என்றேன்.

"கேட்கறது கேட்கறேன். எழுதியும் கொடுத்துடறேன். கொடுத்தா கையெழுத்துப் போட்டு ரசீது தருவாங்களா?"

"இரண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க பெரியப்பா. ஒண்ணுல சீல் வாங்கிக்கிட்டு வாங்க."